இறங்காத டிகாஷன்

வளைகுடாவில், முசஃபா தொழிலாளர் கேம்ப் அறையில், வீரபாண்டி தானே செய்த பில்டருக்கு அடியில் வைத்திருந்த டம்ளருக்குள் டிகாஷன் கடகடவென்று இறங்கி முடிந்துவிட்டது. நிறமும் இல்லை, மணமும் இல்லை.

போடியில் இருக்கும் மனைவி சங்கீதாவுக்குப் போன் போட்டான். அவள் கையால் காப்பி குடித்து இரண்டு வருடமாகிறது. அந்த ஏக்கத்தில்தான் இந்தக் கூத்தே. அவன் பட்டறையில் எஃகுத் தூளை அச்சில் அழுத்தி, உருகிவிடாத பதத்தில் உலையில் சுட்டு, எண்ணெய் வடிகட்டும் குழாய்கள் செய்வார்கள். தூளும் தூளும் ஒட்டிக்கொள்ளும். நடுவே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிற்கும். மிஞ்சிய தூளில் காப்பி வடிகட்ட ஒரு கிண்ணம் செய்துகொள்ள ஃபோர்மேன் தலையாட்டியிருந்தார்.

"பொடியை நல்லா அமுக்கி விடுங்க மாமா," என்றாள் சங்கீதா. "மெதுவா இல்ல, பலமா."

அமுக்கினான். கிண்ணத்தின் அடி பிஸ்கட் மாதிரி விண்டு டம்ளரில் விழுந்தது.

மறுநாளும் கூப்பிட்டான். "உடைஞ்சு போச்சு புள்ள. சூடு பத்தல."

"அப்ப நல்லாக் கூட்டி வைங்க. கல்லு மாதிரி வரட்டும்."

கல்லு மாதிரியே வந்தது. லீவில் போடிக்குப் போயிருந்த அறைத்தோழன் ஜெயசீலனின் கட்டிலில் துருத்திக்கொண்டிருந்த ஆணியை அதாலேயே அடித்தும் பார்த்தான். ஆனால் துளைகளெல்லாம் அடைந்துபோயிருந்தன. காலையில் ஊற்றிய வெந்நீர், டூட்டி முடிந்து வந்தபோதும் ஊற்றிய இடத்திலேயே ஆறிக் கிடந்தது.

"பேசாம கடையில ஒண்ணு வாங்கிரவா?"

"ஊருக்கெல்லாம் பில்டர் செய்யிற ஆளு கடையில வாங்குறதா? நல்லாவா இருக்கு? கொஞ்சம் ரவையைக் கலந்து சுடுங்க. ரவை எரிஞ்ச எடத்துல ஓட்டை விழும்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முன்பெல்லாம் வார லீவு நாளில் மட்டும் கூப்பிட்டு, வீட்டுச் செலவைப் பேசிவிட்டு வைத்துவிடுவான். அவள் இப்படிச் சிரிப்பாள் என்பதே மறந்துபோயிருந்தது. அந்தச் சிரிப்பை நேரில் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

ரவைக் கிண்ணத்தில் ஓட்டைகள் விழத்தான் செய்தன. உலையிலிருந்து எடுத்ததும் கிண்ணமே உதிர்ந்துவிட்டது. பட்டறை முழுக்க உப்புமா கருகின வாசம்.

"கலாஸ் பாய், போதும்," என்றார் ஃபோர்மேன். "இன்னும் ஒண்ணுதான். அதுக்கப்புறம் உலைப் பக்கம் வரக் கூடாது."

கடைசிக் கிண்ணத்துக்கு வீரபாண்டி யாரையும் கேட்கவில்லை. முதலாவதைவிடச் சூட்டைக் கூட்டி, இரண்டாவதைவிடக் குறைத்துத் தன் கைப்பழக்கத்தில் சுட்டான். சாயங்காலம் அமுக்கிப் பார்த்தான், தாங்கியது. வெந்நீர் ஊற்றினான். சொட்டுச் சொட்டாக, கறுப்பாக இறங்கியது. ஒரு வாய் குடித்தான். அவள் காப்பியேதான்.

அப்போதுதான் லீவு முடிந்து வந்து பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த ஜெயசீலன், அவன் போனை எடுப்பதைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"காப்பி நல்லா வந்துருச்சுன்னு மட்டும் மதினிகிட்டச் சொல்லிராதீகண்ணே. உங்களுக்குன்னு வாங்கி வச்ச பித்தளை பில்டரை என் பெட்டியில வச்சாக. கெளம்புறப்ப, 'இது போயிருச்சுன்னா உங்கண்ணன் தெனமும் கூப்புட மாட்டாரு'ன்னு அவுகளே வெளிய எடுத்துட்டாக."