நொட்டைப் பெரியப்பா படுத்த பாய்

குறை இல்லாத பொருளைக் கடவுள் இன்னும் படைக்கவில்லை என்பது எங்கள் நொட்டைப் பெரியப்பாவின் கட்சி. அப்படி ஒன்றைப் படைத்திருந்தாலும் அவர் கண்ணில் படாமல் கடவுள் எங்காவது ஒளித்து வைத்திருப்பார் என்பது எங்கள் கட்சி. காரைக்கால் கடற்கரையில் பௌர்ணமி நிலா எழும்பி வர, கூட்டமே வாயைப் பிளந்து நிற்கும்போது, "இடது பக்கம் கொஞ்சம் சப்பையா இல்ல?" என்று கேட்ட மனிதர் அவர். அன்றிலிருந்து எனக்கும் அது சப்பையாகத்தான் தெரிகிறது.

பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோணலைத் தேடியே கண் பழகிவிட்டது. ஆனால் தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் அந்தக் கண்ணை மூடிக்கொள்வார். இளநீரைக் கண் மூடிக் குடித்துவிட்டு, "சாஞ்ச மரத்துக் காயா?" என்பார். விழிதியூரில் ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு அவர் கண்ணை மூடியதும், சமையல்காரர் கரண்டியோடு வந்து எதிரில் நின்றார். வெகு நேரம் கழித்துக் கண் திறந்த பெரியப்பா, "ரசம் அருமைங்க" என்றார். சமையல்காரரின் முகம் மலர்வதற்குள், "ஆனா ஊத்தினவர் சாம்பார்னு சொன்னாரே" என்று முடித்தார்.

இப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் குடும்பம் அவருக்கு ஒரு பதவியே வைத்திருந்தது.

திருமலைராயனாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் சிவன் கோயில். பிராகாரச் சுவருக்குக் கீழே படித்துறை, படித்துறைக்குக் கீழே ஆறு. மாசியில் திருக்கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் நெல் விளைவிக்கும் எங்கள் குடும்பம் சுவாமிக்கு உறவு, மாப்பிள்ளை வீடு. அம்பாளோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாய் நெய்கிற தெருவின் பெண். அதனால் அந்தத் தெருக்காரர்களும் நாங்களும் ஒருவரையொருவர் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பள்ளியறைக்குப் புதுக் கோரைப்பாய் அவர்கள் சீர். மேளதாளத்தோடு அது படித்துறையை ஒட்டிய ஆற்று மண்டபத்துக்கு வந்ததும், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் அதில் படுத்துப் பார்த்து ஒரு குறை சொல்ல வேண்டும். பெண் வீட்டார் அதற்குச் சுடச்சுட ஒரு பதில் கொடுக்க வேண்டும். பிறகு குருக்கள் ஆற்றுத் தண்ணீரைத் தெளித்துப் பாயை உள்ளே கொண்டுபோவார். குறை சொல்லாவிட்டால் கல்யாணம் நகராது.

வெல்லத்தைக் கண்ட எறும்பு மாதிரி அந்தப் பதவியில் ஒட்டிக்கொண்டார் பெரியப்பா. எதிரே பெண் வீட்டின் வாயாக வந்து நிற்பவர் செல்லம்மா அக்கா. அந்தத் தெருவில் சாயக் கோரை கோத்து மயிலும் கோபுரமும் நெய்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பேச்சிலும் இல்லை.

"மயிலுக்கு மாறுகண்ணா இருக்கே, சம்பந்தி?" என்பார் பெரியப்பா.

"நெய்யும்போது நேராத்தாங்க இருந்துச்சு. நீங்க வர்றதப் பாத்து மிரண்டுடுச்சு!"

இன்னொரு வருஷம், "பாய் சுடுதே!"

"பின்ன, வெயில்ல வந்த பாய் ஐஸ்கட்டி மாதிரியா இருக்கும்? சாமியே நெத்தியில நெருப்பு வெச்சிருக்காரு, அவருக்குத் தாங்கும். நீங்க எந்திரிங்க!"

மண்டபமே சிரிக்கும். பெரியப்பாவும் கண்ணை மூடியபடியே சிரிப்பார். அந்த ஒரு பதிலைக் கேட்பதற்காகவே வருஷம் பூராவும் குறை சொல்லிப் பழகுகிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

இந்த லட்சணத்தில்தான் அவருடைய ஒரே மகள் மலர், செல்லம்மா அக்காவின் மகன் குமாரைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். குமாருக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. நல்ல பையன். ஆனால் எங்கள் உறவுக்காரர்களுக்கு அது கண்ணில் படவில்லை. "சாமி கல்யாணத்துல சம்பந்தின்னு கூப்புடுறது வேற. நெசத்துல அவங்க வேற, நம்ம வேற" என்று வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக அம்பாளை அந்தத் தெருவிலிருந்து மருமகளாக அழைத்து வருகிறவர்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரியப்பா மட்டும் வாயே திறக்கவில்லை. கத்தவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அதைவிடப் பயங்கரம், குறை சொல்வதையே நிறுத்திவிட்டார். உப்பில்லாத உப்புமாவைப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். பெரியம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"அவர் ஒரு நொட்டை சொன்னாக்கூட பரவால்லடா, பதில் சொல்லிடுவேன்" என்றாள் மலர் என்னிடம். "ஒண்ணுமே சொல்லாத மனுசனுக்கு என்னன்னு பதில் சொல்றது? ஆனா அவர் வாயால சரின்னு சொல்லாம நான் போக மாட்டேன்."

மாசி வந்தது. இந்தத் தடவை வேறு யாராவது படுக்கட்டும் என்று உறவுக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். பெரியப்பா சலவை வேட்டியைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் ஆற்று மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பாய் வந்தது. தலையில் சுமந்து வந்த செல்லம்மா அக்கா எப்போதும்போல் வம்பிழுக்கவில்லை. பாயை விரித்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஓரத்தில் குமார் தலை குனிந்து நின்றான். தூணுக்குப் பக்கத்தில் மலர். பெரியப்பா யாரையும் பார்க்கவில்லை. துண்டை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தார். கண்ணை மூடினார்.

காத்திருந்தோம். நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை முடித்து, இன்னொன்றையும் முடித்து, குழலைத் துடைத்து வைத்தார். தவில் நின்றது. அப்போதுதான் கேட்டது, மெல்லிய குறட்டை.

கூட்டம் சிரிக்கத்தான் போகிறது என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இத்தனை நாளாக அந்த மனிதர் தூங்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். விடியும் முன்னே படித்துறையில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்காதவர் யார்? ஆற்றின் வெளிச்சம் மண்டபத்துக் கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. புதுக் கோரையின் பச்சை வாசனை. அறுத்த வயலில் முளைத்திருந்த உளுந்தைத் தடவிக்கொண்டு வந்த காற்று அவர் துண்டின் நுனியை லேசாகத் தூக்கிப் பார்த்தது. ஒரு மீன்கொத்தி எதிர்க்கரையிலிருந்து இந்தக் கரைக்கு வந்து, உட்காராமல் திரும்பிப் போனது. அழுத குழந்தையை யாரோ தட்டிக்கொடுத்தார்கள். இரண்டு தெருவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதனின் தூக்கத்தைக் காவல் காத்தன. நானே அந்தத் தூக்கத்துக்குள் நின்றுகொண்டிருப்பது போல இருந்தது.

குருக்கள்தான் தவித்தார். "முகூர்த்தம் போயிண்டிருக்கு. யாராவது எழுப்புங்கோ!"

"எப்புடி சாமி எழுப்புறது? பாயில படுத்தவரு மாப்பிள்ளை சாமியோட சார்பு. தொட்டு எழுப்பக் கூடாதுல்ல?" என்றார் தவில்காரர். அப்படி ஒரு விதி அதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை. சுவாமியை எழுப்ப ஒரே வழிதான். எல்லோரும் ஓதுவாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது விடியக்காலையில பாடுறதுங்க" என்று அழாக்குறையாகச் சொன்னார் ஓதுவார். "இப்ப சாயங்காலமாயிடுச்சுங்களே!"

வேறு வழியில்லை. சாய்வெயிலில் நின்றுகொண்டு திருப்பள்ளியெழுச்சி பாடினார். பாடப் பாட அவருக்கே உருக்கம் வந்துவிட்டது.

பெரியப்பா கண்ணைத் திறந்தார். கூரையில் நெளியும் வெளிச்சத்தைப் பார்த்தார். "விடிஞ்சிடுச்சா?" என்றார்.

அப்போதுதான் மண்டபம் வெடித்துச் சிரித்தது. செல்லம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "குறை என்னன்னு சொல்லுங்க" என்றார்.

பெரியப்பா எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாயை ஒரு தடவை தடவினார். "குறை இருக்கு" என்றார். மலர் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு பாயத்தான கொண்டாந்திருக்கீங்க? இது பள்ளியறைக்குப் போயிடும். நாளைக்கு எம் பொண்ணும் உங்க பையனும் மணவறையில எதுல உக்காருவாங்க, வெறுந்தரையிலயா? இதுக்குப் பதில் சொல்லுங்க, சம்பந்தி."

எல்லோரும் செல்லம்மா அக்காவைப் பார்த்தோம். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"பாய் தறியில இருக்குதுங்க, சம்பந்தி. பாதி நெய்ஞ்சாச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லாம மீதிய எப்புடி நெய்யுறது?"

தவில்காரர் யாரும் சொல்லாமலே கெட்டிமேளம் கொட்டிவிட்டார். அது சுவாமிக்கா மலருக்கா என்று யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் நடந்தது. உறவில் சிலர் வரவில்லை. பந்தலில் பெரியப்பா வாழைமரம் கோணல் என்றார், சந்தனம் தண்ணி என்றார், மாப்பிள்ளையின் மீசை ஒரு பக்கம் ஏறியிருக்கிறது என்றார். வராதவர்களைப் பற்றி மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை. "அன்னிக்கு நெசமாவே தூங்கினீங்களா, இல்ல நடிப்பா?" என்று தனியாகக் கேட்டுப் பார்த்தேன். "பாய் நல்லா இருந்துச்சுடா" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு, "வெளியில சொல்லிடாத" என்றார்.

சொல்லிவிட்டேன். இந்தக் கதை பத்திரிகையில் வந்ததும் முதலில் அவருக்குத்தான் வாசித்துக் காட்டப் போகிறேன். கண்ணை மூடிக் கேட்பார். கடைசியில் நிச்சயம் ஒரு நொட்டை சொல்வார். அதைக் கேட்கத்தான் எனக்கு ஆசையாக இருக்கிறது.