பிணைக்கு வந்த சாச்சா

பிள்ளைகளே, நான் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் இறங்கும்போதெல்லாம் உங்கள் மூத்தவாப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, "என்ன மருமகன், கத்தாருக்கா?" என்று கேட்பார். நீங்களும் சிரிப்பீர்கள், எதற்கென்று தெரியாமலே. அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

கல்முனையில் ஏசி பழுதுபார்க்கும் ஒரு கம்பனியில் எனக்கு வேலை கிடைத்தது. மூத்தவள் அப்போது உம்மாவின் வயிற்றில். ஊரை விட்டுப் போகாமல் செய்கிற வேலை என்பதால், கனவிலும் ஸ்பெனரோடுதான் திரிந்தேன். சேர்ந்து ஒரு மாதம் கழித்து மனேஜர் கூப்பிட்டார். பாண்டிருப்பு ஆள், அதிகம் கதைக்கமாட்டார்.

"வேலை பழகின உடன பொடியன்மார் கத்தார், சவூதி எண்டு பறந்திருறாங்க. அதால மூணு வருஷம் நிப்பன் எண்டு ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்கணும். பிணைக்கு ரெண்டு பேரைக் கூட்டி வாரும். இல்லாட்டி வேலை இல்ல."

(சேரும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.)

நான் கூட்டிப்போனவர்களில் ஒருவர் மூத்தவாப்பா. மற்றவர் சாச்சா, என் உம்மாவின் தங்கை கணவர். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் சாச்சா பேசாத கலியாணம் இல்லை. என் கலியாணத்தையும் அவரே பேசினார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தால் போதும், அது அவருக்குப் பெண் வீடு.

மனேஜர் முன்னால் உட்கார்ந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். "பொடியன் தங்கம், சேர். அஞ்சு நேரமும் தொழுவான். சிகரட் இல்ல."

மனேஜர் தலையாட்டினார். சாச்சாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இஞ்சயே கிடக்கிற ஆளுமில்ல. கத்தார் விசா இந்தா வருது."

மனேஜர் பேனையை மூடி என் பக்கம் திரும்பினார். "அப்ப ஏன் ஐசே இஞ்ச வந்தீர்?"

விசா என்று ஒன்றுமே இல்லை. கலியாணம் பேசும்போது மூத்தவாப்பாவுக்குச் சாச்சா சொன்ன விசா அது. அதையும் நம்பித்தானே அவர் மகளையும் வீட்டையும் தந்தார். இப்போது அவர் என் பக்கத்துக் கதிரையில். உண்மையைச் சொன்னால் மாமனாரிடம் மானம் போகும். சொல்லாவிட்டால் வேலை போகும். மூத்தவளே, உன்னை நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு பாஸ்போட்டே இல்ல, சேர்."

சாச்சா கூரையில் பல்லி தேடினார். மூத்தவாப்பா திரும்பி என்னைப் பார்த்தார். இன்றைக்கு வீட்டில் எனக்குப் பாய் இல்லை என்று நினைத்தேன். (நம் ஊரில் மாப்பிள்ளை குடியிருப்பது பெண் வீட்டில்தானே.)

"பேனையத் தாங்க, சேர்," என்றார் மூத்தவாப்பா. "ஒரு வருஷமா எங்கட ஊட்டுலதான் இரிக்கான். விசா வாற மாப்பிள எண்டா அந்தத் திமிர்ல கறில உப்பில்ல எண்டு ஒருநாளாச்சும் சொல்லியிருப்பான். இவன் எங்கயும் போகமாட்டான்."

கையெழுத்து வைத்தார். சாச்சாவும் சத்தமில்லாமல் வைத்தார். வெளியே வந்ததும்தான் அவருக்குக் குரல் திரும்பியது. "காரியம் நல்லா முடிஞ்சிட்டு, என்ன?"

அவர்கள் போனபின் கம்பனியின் பின்னறையில் தனியே இருந்தேன். என் பர்சில் ஒரு படம் இருந்தது. கலியாணத்துக்கு முன்பு, சாச்சா சொன்ன விசாவை நானே கொஞ்சம் நம்பி, ஸ்டூடியோக்காரரின் கோட்டும் டையும் போட்டு பாஸ்போட்டுக்கென்று எடுத்த படம். அதன் ஓரங்களைக் கத்தரித்து, கம்பனி தந்த அடையாள அட்டையில் ஒட்டி, காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.