எட்டாம் சொல்லை மீட்ட காதை

வாழி, ஊசிமுனையால் ஊருக்கெல்லாம் சட்டை வென்று தந்த வீராங்கனை! வாழி, பள்ளிக்கூடம் பாதியில் கைவிட்டும் படிப்பைக் கைவிடாத பைந்தொடி! தையல் இயந்திரமே தேராக, அளவுநாடாவே வெற்றிமாலையாக, ஆங்கில இலக்கணத்தின் எட்டுச் சொல்வகைகள் என்னும் எட்டுக் கோட்டைகள் மேல் அந்த மருமகள் படையெடுத்த கதை கேளீர்.

போரை மூட்டியவள் நாத்தனார். மாலை வகுப்பில் சேர்ந்திருந்த அண்ணிமுன், தொட்டியில் மலையெனக் குவிந்த பாத்திரங்களைச் சுட்டி அவள் முழங்கினாள்:

“எட்டையும் தடங்கலில்லாம சொல்லிட்டீங்கன்னா, இந்த மாசம் பூரா பாத்திரம் என் தலையில. ஒண்ணு விட்டாலும் வகுப்பை மறந்துட்டு நீங்களே தேய்ங்க அண்ணி!”

“சாயங்காலம் வாடி. வரும்போதே தேய்க்கிற நாரோட வா!”

நாயகியிடம் ஓர் உபாயம் இருந்தது. நெட்டுரு ஏறாத அவள், ஒவ்வொரு வகைக்கும் வீட்டிலேயே ஆள் அமர்த்தியிருந்தாள். வாசற்பலகையில் பெயர் பொறித்த மாமனார் நவுன். அவர் வெளியே போனால் அவருக்குப் பதிலாக ஆணியில் தொங்கும் சட்டை புரோநவுன். உட்காரவே அறியாத மாமியார் வெர்ப், அவரை விரட்டும் சுவர்க்கடிகாரம் அட்வெர்ப். நரை, தொப்பை என்று ஒளிவுமறைவின்றி உரைக்கும் கண்ணாடி அட்ஜெக்டிவ். தாய்க்கும் தாரத்துக்கும் நடுவே பசையாய் நின்று பாடுபடும் கணவன் கன்ஜங்ஷன். எதற்கெடுத்தாலும் “ஐயே!” என்னும் நாத்தனாரே இன்டர்ஜெக்ஷன். கட்டிலின் மேல், அலமாரியின் உள், எல்லோர் காலின் கீழ் என்று இடம் மாறித் திரியும் பூனை பிரிபொசிஷன்.

அந்தோ! பசை கசிந்தது. தங்கையின் நச்சரிப்பு தாங்காமல் கணவன் ரகசியத்தை உளறிவிட, நாத்தனார் பூனையைக் கொல்லைப்புறம் தள்ளிக் கதவைத் தாழிட்டாள்.

மாலையும் வந்தது. வில்லினின்று கணை பாய்வதுபோல் நாயகியின் கண்கள் கூடமெங்கும் பாய, மாமனார் முதல் நாத்தனார் வரை பட்ட இடமெல்லாம் கோட்டை சரிய, ஏழு கொடிகள் ஏறின. எட்டாவதைத் தேடிக் கட்டிலைப் பார்த்தாள், காலடியைப் பார்த்தாள். வெறுந்தரை! பூனையோடு சொல்லும் போயிற்று.

“என்ன அண்ணி, வண்டி ஏழோட நின்னுடுச்சா?”

“அவளை யோசிக்க விடுடி,” என்றார் மாமியார், அப்போதும் நின்றபடியே. கணவன் தரையில் எதையோ தேடுபவன்போல் குனிந்துகொண்டான்.

வகுப்பும் கனவும் அந்தத் தொட்டிக்குள் மூழ்கவிருந்த அக்கணத்தில், இடி விழுந்ததோ, மலைதான் சரிந்ததோ என்னும்படி சமையலறையில் சட்டிகள் உருண்டன. சன்னல்வழி குதித்த மீசைவீரன், பாத்திரக் குவியலின் மேல் சிங்காதனம் ஏறி நின்றான்.

“பிரிபொசிஷன்!” என்று வீடு அதிர வாகை முழக்கமிட்டாள் நாயகி.

“ஐயே!” என்று நாரைக் கையிலெடுத்தாள் நாத்தனார்.

பாலில் பூனை வாய் வைத்துவிட்டதால், அந்தச் சட்டியையும் சேர்த்துத் தேய்க்க வேண்டியதாயிற்று.