கிட்னி வகுப்புக்கு மஸ்டர் எடுத்த அண்ணாச்சி

இயேசுநாதரே இரண்டாம் வருகையாக எங்கள் எஸ்டேட்டுக்கு எழுந்தருளினாலும், "காலையில எத்தன மணிக்கு வந்தீரு?" என்று கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே உள்ளே விடக்கூடிய மனிதர் ஒருவர் எங்களிடம் இருந்தார். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. மலை முழுக்க அவர் மஸ்டர் அண்ணாச்சி.

மாட்டுப்பட்டியிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தேயிலை எஸ்டேட். காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவதற்கு மஸ்டர் என்று பெயர். முப்பது வருஷத்துக்கு மேல் அண்ணாச்சிதான் அதை எடுத்தார். ரிட்டயரானதும் நிறுத்திவிடுவார் என்று நிர்வாகம் நினைத்தது. அவருக்கு அப்படி ஒரு யோசனையே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது கடைசி வரிசையில் நின்று தலைகளை எண்ணுவார். ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் போய், "நூத்தி நாலு பேரு. அதுல ஒம்பது பேரு தூக்கம். தூங்கினவனுக்கு அரை நாள்தான் போடணும்" என்பார். ஒரு சாவு வீட்டில், புருஷனைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருந்த அம்மாளிடம், "மேல் டிவிஷன்ல இருந்து ஒருத்தனும் வரலியே, என்னன்னு விசாரிக்கணும்" என்றார். அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, "ஆமா அண்ணாச்சி, ஏன் வரல?" என்று கேட்டார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வராதவர்களின் பட்டியலைப் போட்டு முடித்தார்கள். அழுகை அதற்குப் பிறகு தொடர்ந்தது.

அவருடைய கிட்னிக் கோளாறை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, மூணாறு பஜாரில் ஒரு செருப்புக் கடைக்காரர். ரப்பர் பூட்ஸ் காலில் ஏறவில்லை என்று அண்ணாச்சி அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் சண்டைக்குப் போனார்.

"என்ன வே, வாங்கி ஆறு மாசத்துல பூட்ஸு சுருங்கிட்டு?"

கடைக்காரர் பூட்ஸைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "அண்ணாச்சி, ரப்பர் சுருங்காது. ஒங்க காலுதான் வீங்கியிருக்கு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ரத்தப் பரிசோதனை முடிந்து டாக்டர் விஷயத்தைச் சொன்னபோது நானும் அவரோடு இருந்தேன். நான் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். எனக்குச் சர்க்கரை முற்றி, அது கிட்னியிலும் கைவைக்க ஆரம்பித்திருந்த நேரம். "ரெண்டு கிட்னியும் சேர்ந்து கால்வாசி வேலைதான் செய்யுது" என்றார் டாக்டர். நானாக இருந்தால் அழுதிருப்பேன். அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

"மஸ்டர்ல ரெண்டு ஆளு பேரு இருக்கு. ஆனா நடக்கது கால் ஆளு வேல. இத்தன வருசமா இத யாரு பாத்தா? எனக்கு ஏன் தகவல் இல்ல?"

"கிட்னி சத்தமே போடாது பெரியவரே. முக்கால்வாசி கெட்ட பிறகுதான் வெளியே தெரியும்."

"சத்தம் போடாத ஆளுகளத்தான் டாக்டரே கூடுதலாக் கவனிக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கீழே நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, கிட்னி நோயாளிகளுக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. மலை இறங்கி வர வேண்டாம். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போனைத் திறந்தால் போதும். பன்னிரண்டு வாரம், முடிவில் சான்றிதழ். எங்கள் எஸ்டேட்டில் பதினோரு பேர் பதிவு செய்தோம். தொடக்க விழாவும் ஆன்லைனில்தான். அங்கே ஒரு பெரிய மனிதர் குத்துவிளக்கு ஏற்ற, இங்கே நாங்கள் போனில் கைதட்டும் பொம்மையை அழுத்தினோம். இரண்டு பேர் கை தவறி அழுகிற பொம்மையை அழுத்திவிட்டார்கள். அதையும் உற்சாகத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

பாடம் மலையாளத்தில் நடந்தது, அதுவும் சர்க்கார் நோட்டீஸ் மலையாளத்தில். கிட்னி என்று மருந்துக்குக்கூட ஒருவர் சொல்லவில்லை. வாய்க்கு வாய் 'வ்ருக்க' என்றார்கள். எங்களில் செல்லம்மாக்கா என்று ஒருவர். கொழுந்தெடுத்து ரிட்டயராகி ஒரு பசுவை வைத்துக்கொண்டிருந்தார். முதல் வகுப்பு முழுக்க அவர் விருச்சிக ராசிக்குப் பலன் சொல்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். தமக்கு மேஷம் என்பதால் பாதியில் எழுந்து போய்விட்டார்.

சாப்பாட்டுப் பாடம் இன்னும் பிரமாதம். ஆலிவ் காய், பாலாடைக்கட்டி, டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சி இவற்றையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று படம் காட்டினார்கள். நாங்கள் ஆயுசில் கண்டிராத பொருள்கள். இனி அவற்றைத் தொடுவதில்லை என்று அங்கேயே உறுதி எடுத்துக்கொண்டு, மத்தியானம் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டோம். வகுப்பை நடத்திய கோஆர்டினேட்டர் மேடம் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், "எல்லார்க்கும் மனசிலாயோ?" என்று கேட்பார். புரிந்தது என்று எல்லாரும் கட்டைவிரல் பொம்மையை அழுத்துவோம். புரியவில்லை என்று சொல்ல ஒரு பொம்மையும் வைத்திருக்கவில்லை.

இரண்டாவது வாரத்திலேயே நாங்கள் வழிக்கு வந்துவிட்டோம். வகுப்பைத் திறந்துவிட்டுப் போனை எங்கேயாவது வைத்துவிட்டுப் போவது என்று பேசாமலே முடிவாயிற்று. செல்லம்மாக்காவின் போன் மாட்டுத் தொழுவத்தில் ஆணியில் தொங்கியது. என் போன் அரிசி டிரம்மின் மேல் பாடம் கேட்டது. "இந்த எஸ்டேட்டில் நூறு சதவீதம் வருகை!" என்று மேடம் எங்களைப் பாராட்டினார்.

மூன்றாவது வாரம், மேடம் நமஸ்காரம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குரல் மாவட்டம் முழுக்க முழங்கியது.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க! மஸ்டர் எடுக்கணும். ஏளா செல்லம்மா! இருக்கியா?"

மறுமுனையில் "ம்மா" என்று பதில் வந்தது.

"இது செல்லம்மா சத்தம் இல்லியே. மாட்ட விட்டு ஆள் மாறாட்டமா? செல்லம்மா ஆப்சென்ட். அடுத்தது கிளார்க் தம்பி! கிளார்க் தம்பி, இருக்கீயளா?"

நான் அப்போது கடைத்தெருவில் இருந்தேன். அரிசி டிரம்மிலிருந்து ஆண் குரல் கேட்டுப் பதறிப்போன என் மனைவி போனை எடுத்து, மேடமும் இருநூறு நோயாளிகளும் கேட்கும்படி தெளிவாகச் சொன்னாள்: "அவுக இல்லண்ணாச்சி. பொரோட்டாவும் பீஃபும் திங்கப் போயிருக்காக. சேவுப் பொட்டலம் வேற வாங்கிட்டு வாரதாச் சொன்னாக."

அன்று சாயங்காலம் மேடம் அண்ணாச்சியைப் போனில் கூப்பிட்டார். ஆஜர் எடுக்க வேண்டாம், லாகின் செய்தாலே வருகைதான், ரிப்போர்ட் அப்படித்தான் மேலே போகிறது என்று பொறுமையாக விளக்கினார்.

"அப்ப என் பூட்ஸ மஸ்டருக்கு அனுப்பிட்டு நான் வீட்டுல படுத்துக் கெடந்தா, நீங்க பேரு போடுவீயளோ?" என்றார் அண்ணாச்சி.

அடுத்த வாரத்திலிருந்து அவர் குரலை அடைத்துவிட்டார்கள். அவர் என்ன கத்தினாலும் அவர் வீட்டுக் கோழிக்கு மட்டும்தான் கேட்டது.

இதற்குப் பயந்து ஒதுங்குகிற ஆளா அவர்? அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கே பழைய விசிலோடு வீடு வீடாக வந்தார். கதவைச் சாத்திக்கொண்டவர்கள் வாசலில் நின்று ஊதினார். பத்து பேரையும் ஓட்டிக்கொண்டு போய், கொழுந்து நிறுக்கும் ஷெட்டில் உட்கார வைத்தார். எஸ்டேட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். தராசுக் கொக்கியில் அவருடைய போனைத் தொங்கவிட்டார். மேடம் ஒரு வாக்கியம் சொன்னால், அவர் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லுவார். "உப்பக் கொறைக்கணும்ங்காவ. ஆலிவும் கீலிவும் கெடக்கட்டும். நமக்கு உப்புன்னா கருவாடு, ஊறுகா, அப்பளம். செல்லம்மா, திருப்பிச் சொல்லு." சொன்ன பிறகே விடுவார். பதினோரு பேரும் பாடம் கேட்ட முதல் வகுப்பு அதுதான். மேடத்தின் கம்ப்யூட்டரிலோ எங்கள் எஸ்டேட்டிலிருந்து வந்தது ஒரே ஒரு ஆள்.

ஆறாவது வகுப்பில் அந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் வந்து வேதனைக் குளிகை பற்றி ஏதோ வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். அண்ணாச்சிக்குப் பிடிபடவில்லை. குரல்தான் அடைபட்டிருக்கிறதே, கை தூக்கும் பொம்மையை அழுத்திவிட்டு நின்றார். போனில் பொம்மைக் கையும் ஷெட்டில் அவருடைய சொந்தக் கையும் முக்கால் மணி நேரம் தூக்கியபடியே இருந்தன. கடைசியில் டாக்டரே கவனித்து, யார் அது என்று கேட்டு, அவர் குரலைத் திறந்துவிட்டார்.

"டாக்டரே, வேதனைக் குளிகைன்னா வலி மாத்திரதான? அதுக்கும் கிட்னிக்கும் என்ன?"

நீங்கள் என்ன மாத்திரை போடுகிறீர்கள், காட்டுங்கள் என்றார் டாக்டர். செல்லம்மாக்கா இடுப்பில் செருகியிருந்த பையை எடுத்து, சிவப்பு மாத்திரை அட்டை ஒன்றை நீட்டினார். மூட்டு வலிக்குத் தினம் இரண்டு, பல வருஷமாக. பார்த்தால் எங்களில் ஏழு பேரின் மடியிலும் சட்டைப்பையிலும் அதே சிவப்பு மாத்திரை. அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு நேரே பிடித்தார். மேடம் நடுவில், நேரம் முடிந்தது, எல்லாரும் கருத்துப் படிவம் நிரப்புங்கள் என்றார். டாக்டர் அதைக் காதில் வாங்காமல், தனக்குத் தெரிந்த உடைந்த தமிழில் ஆரம்பித்தார்.

"அம்மா, இது வேண்டாம். இது நிறைய நாள் சாப்பிட்டா கிட்னி போகும். வலி இருந்தா எங்ககிட்ட கேளுங்க, வேற தரலாம். கடையில் சும்மா கேட்டு வாங்கண்டா."

செல்லம்மாக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல் சொன்னார்: "அண்ணாச்சி, இத மொதல்ல எனக்குத் தந்ததே நீங்கதான? முட்டி வலிக்கி, லீவு வேணும்னு வந்தேன். 'இதப் போட்டுக்கிட்டு மலைக்குப் போ பிள்ள, ஆப்சென்ட் ஆகாத'ன்னு குடுத்தீய."

உண்மைதான். மஸ்டர் புத்தகத்துக்குள் எப்போதும் ஓர் அட்டை சிவப்பு மாத்திரை வைத்திருப்பார். முதுகு வலிக்குத் தானும் போடுவார், வலி என்று லீவு கேட்டு வருகிறவர்களுக்கும் கொடுப்பார். அன்பாகத்தான் கொடுத்தார், ஒரு நாள் கூலி போய்விடக் கூடாதே என்று. ஆபீஸில் இருந்த நாங்கள் அதை நல்ல பழக்கம் என்று மெச்சியிருக்கிறோம்.

அண்ணாச்சி தராசுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியாது பிள்ள" என்றார். குரல் ஷெட்டின் அந்தப் பக்கத்துக்கே எட்டவில்லை.

"எனக்கு மட்டும் தெரிஞ்சா கெடந்தது? விடுங்கண்ணாச்சி" என்றார் செல்லம்மாக்கா.

அவர் விடவில்லை. மறுநாளிலிருந்து தன் கையால் மாத்திரை வாங்கியவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வீங்கின காலோடு நடந்தார். கிட்னி வகுப்பில் இல்லாதவர்கள் வீட்டுக்கும் போனார். "நான் தந்தது தப்பு. இனிமே போடாத. ரத்தம் குடுத்துப் பாரு" என்று வாசலில் நின்று சொன்னார். மூன்று டிவிஷனையும் முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அவர் சொல்லிப் பரிசோதனைக்குப் போனவர்களில் மூன்று பேருக்கு ஆரம்ப நிலையிலேயே கோளாறு தெரிந்தது. அவர்களும் செவ்வாய்க்கிழமை ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நிறைவு விழாவில் எங்கள் எஸ்டேட்டைப் பெயர் சொல்லியே வருத்தப்பட்டார்கள். தொடக்கத்தில் பதினோரு பேர், போகப் போக ஒரே ஒருவர், மலைவாழ் தொழிலாளர்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்றார்கள். வேறொரு ஊர் நூறு சதவீத லாகினுக்காகக் கேடயம் வாங்கியது. அந்த ஊர்க்காரர் ஒருவரை நான் பின்னால் சந்தித்தேன். வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்டேன். "எந்த வகுப்பு?" என்றார்.

சான்றிதழ் அண்ணாச்சிக்கு மட்டும் வந்தது, பெயரில் இரண்டு எழுத்து தப்பாக. அவர் அதைத் திருத்தவில்லை. நீல மை பேனாவை எடுத்துத் தன் பெயருக்குக் கீழே எங்கள் பதின்மூன்று பேரின் பெயரையும் நுணுக்கி எழுதி, ஷெட் சுவரில் ஒட்டிவிட்டார்.

இப்போது அவர் போடியில் மகள் வீட்டில் இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். போன மாதம் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். ஒரு நாளைக்கு அவர் இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னதை மகள் காலையிலேயே அளந்து, தண்ணீரை ஒரு பாட்டிலிலும் டீயை ஒரு சின்ன பிளாஸ்கிலும் வைத்துவிடுகிறாள். அன்று அவள் கடைக்குப் போயிருந்தாள். வறண்ட உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டே அண்ணாச்சி எல்லாரையும் விசாரித்தார். அப்புறம் பிளாஸ்கைத் திறந்து, ராத்திரி வரைக்கும் தனக்கென்று இருந்த டீயில் பாதியை ஒரு தம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"குடிங்க தம்பி. அவ்வளவு தூரம் வந்துட்டு வெறும் வாயாப் போகக் கூடாது."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், முறைத்தார். செல்லம்மாக்காவுக்குக் கொடுத்தனுப்ப முட்டித் தைலம் வாங்கி வைத்திருப்பதாகச் சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எடுக்கப் போனார். உதடு படாத தம்ளரை அப்படியே பிளாஸ்கில் கவிழ்த்து மூடினேன். திரும்பி வந்து காலித் தம்ளரைப் பார்த்ததும் அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி.

டீ ரொம்ப நன்றாக இருந்தது அண்ணாச்சி என்றேன்.