சார்ஜென்ட் புல்கானும் கடுகடுப்பு மேம்பாட்டுத் திட்டமும்

எங்கள் சான் எலாதியோ நகரத்து மக்கள் காவல்துறையில் யாரை அதிகம் நம்புகிறார்கள் என்று நகராட்சி ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. முதலிடம் சார்ஜென்ட் புல்கானுக்கு. இரண்டாமிடம் ஒரு மோப்ப நாய்க்கு. மூன்றாமிடம் காலியாக இருந்தது. புல்கான் தொலைக்காட்சித் தொடரில் வரும் துப்பறியும் கிழவர். நாய் செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

காவல் தலைவர் கர்னல் மகராய்க் அந்த அறிக்கையைக் கவனமாகப் படித்தார். மக்களின் நம்பிக்கையைப் பெற இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, வழக்குகளை ஒழுங்காக விசாரிப்பது. இதற்குச் சட்டத்தில் இடமிருந்தாலும் முன்னுதாரணம் இல்லை. மற்றது, காவலர்கள் அனைவரையும் புல்கானாக மாற்றுவது. இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். அன்றே ‘கடுகடுப்பு மேம்பாட்டுத் திட்டம்’ அமலுக்கு வந்தது.

புல்கான் பதினோரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் எங்கள் வீடுகளுக்கு வருகிறார். மூன்று நாள் தாடி. சிரிக்கமாட்டார். யாராவது காகிதத்தை நீட்டினால் கிழித்துப் போடுவார். மேசையில் ஓங்கி ஓர் அறை விடுவார். கடைசி விளம்பரத்துக்குள் குற்றவாளி ஒப்புக்கொண்டுவிடுவான்.

அந்த வேஷம் கட்டுகிற எர்மினியோ கடாகுடன் எங்கள் தெருக்காரர். வயது அறுபத்தொன்று. ஜீப்னி என்கிற பங்கு வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடத்தில் தானும் இறங்கி நடந்து வருகிற மனிதர். ‘நான் வெறும் நடிகன்’ என்று சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் கர்னலைப் பார்க்கப் போனார். தன்னைப் பயிற்சி ஆசிரியராக நியமிக்கும் உத்தரவோடு திரும்பினார்.

பயிற்சி மூன்று வாரம் நடந்தது. புருவம் நெரித்தல், நாற்காலியை உதைத்தல், மேசை அறைதல் ஆகிய பாடங்கள் முறையே கற்பிக்கப்பட்டன. உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு அறைந்தால் சத்தம் வரும், வலிக்காது என்ற தொழில் ரகசியத்தையும் எர்மினியோ மறைக்காமல் சொல்லிக் கொடுத்தார். ஆறு மேசைகள் உடைந்தன. துப்பறிவாளர் ஒனேசிமோ முதல் வகுப்பில் தேறினார். தோற்றது ஒரே ஒருவர், வாசல் மேசையில் புகார் எழுதும் காவலர் ரெமெதியோஸ். வந்தவர்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நடந்ததைக் கேட்டு எழுதுவது அந்த அம்மாளின் பழக்கம். புகார்தாரரைப் பார்த்துப் புன்னகைத்ததற்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஓர் ஓலை போயிற்று.

நாங்கள் பூரித்துப் போனோம். சைக்கிள் காணோம் என்று போனால்கூட நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு திருப்தியாக வீடு திரும்பினோம்.

அப்போதுதான் தேவாலயத்து ஜெனரேட்டர் காணாமல் போயிற்று. தேவாலய வாசலில் அவித்த வாத்து முட்டை விற்கும் டெல்ஃபினைப் பிடித்துப் போனார்கள். டெல்ஃபின் எர்மினியோவின் மைத்துனன். நாற்பது நிமிஷத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான்.

எர்மினியோ ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஓடினார். ஜெனரேட்டர் காணாமல் போன அன்று டெல்ஃபின் குடல்வால் அறுவை முடிந்து படுக்கையில் கிடந்திருக்கிறான்.

“தம்பி, இதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. வயித்துல தையல்கூட இன்னும் பிரிக்கல.”

ஒனேசிமோ சீட்டை வாங்கி, படிக்காமலே நான்காகக் கிழித்தார்.

“காகிதம் பொய் சொல்லும்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க.”

“அது வசனம் தம்பி. எழுதிக் குடுத்தாங்க, சொன்னேன்.”

“அவனே ஒத்துக்கிட்டான் சார். செய்யாதவன் எதுக்கு ஒத்துக்கணும்?”

எர்மினியோ கம்பிக்குப் பின்னாலிருந்த மைத்துனனிடம் அதையே கேட்டார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அவரு மேசையில அடிச்சதும் உங்க ஞாபகம் வந்துச்சு அண்ணே. பதினோரு வருஷமா பாக்கறேன். நீங்க அடிச்சப்புறம் செய்யலன்னு சொன்னவன் ஒருத்தனும் இல்ல. ஒருவேளை செஞ்சுட்டு நான்தான் மறந்துட்டேனோன்னு தோணிடுச்சு.”

எர்மினியோவுக்குக் கோபம் வந்துவிட்டது. அறுபத்தொரு வருஷத்தில் அவருக்கு வந்த முதல் கோபம் அதுதான் என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னாள். ஒனேசிமோவின் மேசையில் ஓங்கி ஓர் அறை விட்டார். உள்ளங்கையைக் குழிக்க மறந்துபோனார். சுண்டுவிரல் முறிந்தது.

“ஜெனரேட்டர எடுத்தது யாருடா?”

ஒனேசிமோ விறைப்பாக எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது. “நான்தான் சார்,” என்றார்.

பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து, தாங்களும் உடந்தை என்றார்கள். சத்தம் கேட்டு வந்த கர்னல், சிறிது யோசித்துவிட்டு, தனக்கும் அதில் ஏதோ பங்கு இருக்கலாம் என்று பணிவோடு தெரிவித்தார்.

இதற்குள் ரெமெதியோஸ் தேவாலயத்துக்குத் தொலைபேசியில் பேசி, ஜெனரேட்டரைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று விசாரித்தார். தொலைபேசியை மணியடிப்பவரிடம் கொடுத்தார்கள். பழுது பார்க்கும் கடைக்குத் தானே ஏற்றி அனுப்பியதாக அவர் சொன்னார். ஏன் இதுவரை சொல்லவில்லை என்றால், யாரும் கேட்கவில்லையாம்.

டெல்ஃபினை விட்டுவிட்டார்கள். நடக்காத ஒரு திருட்டை அவனோடு சேர்த்து ஐந்து பேர் ஒப்புக்கொண்டதால், துப்புத் துலக்கிய விகிதம் ஐந்நூறு சதவீதம் என்று தலைமையகத்துக்கு அறிக்கை போயிற்று. மாகாணத்திலேயே இது சாதனை. நகரச் சதுக்கத்தில் பாராட்டு விழா வைத்தார்கள்.

எர்மினியோ கட்டுப்போட்ட கையோடு மேடையேறினார். தன்னுடைய சொந்தக் குரலில், மெதுவாக, உண்மையைச் சொன்னார். மேசையை அறைந்து எந்தத் திருடனையும் பிடிக்க முடியாது, ஜெனரேட்டரைக் கண்டுபிடித்தது ரெமெதியோஸ், அவர் கேள்வி கேட்டுக் கண்டுபிடித்தார் என்றார். கூட்டம் பொறுமையாகத்தான் இருந்தது. ஆனால் மனுஷன் மன்னிப்பும் கேட்க ஆரம்பித்ததும் முன்வரிசையில் சலசலப்பு கிளம்பியது. மேசை எங்கே என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் டெல்ஃபின். நாலு பேர் ஓடிப்போய் ஒரு மேசையைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தார்கள். எர்மினியோ அதைப் பார்த்தார், எங்களையும் பார்த்தார். படியிறங்கி வீட்டுக்கு நடந்தார்.

புல்கானுக்கு வயதாகிவிட்டது என்று தொலைக்காட்சி நிலையத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. அடுத்த மாதமே வேறு ஆளைப் போட்டார்கள். புது ஆளுக்குக் கை பெரிது.

போன வாரம் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் கொடுக்கப் போனேன். ரெமெதியோஸ் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மோட்டாரைக் கடைசியாக எப்போது பார்த்தேன், பக்கத்தில் யாராவது வேலை செய்தார்களா என்று பொறுமையாகக் கேட்டு எழுத ஆரம்பித்தார். எனக்கு என்னவோ மனசு நிறையவில்லை. அவர் தோளுக்கு மேலே உள்ளறையை எட்டி எட்டிப் பார்த்தேன்.

“மேடம், நீங்க எழுதறதெல்லாம் சரிதான்,” என்றேன். “கத்தறவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் கூப்பிடுங்களேன்.”