கண்ணை மூடியவர்களின் வரிசை

"நான் பேஷன்ட் இல்லீங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. தலையை நல்லா பின்னால சாய்ங்க."

"நெஜமாத்தான். நான் கூட வந்தவன்."

"கூட வந்தவர்தான் இவ்வளவு நேரம் சமத்தா வாங்கிக்கிட்டீங்களா? இதுதான் கடைசிச் சொட்டு. கண்ணை மூடிக்கோங்க."

சொட்டு விழுந்துவிட்டது. முதலில் கண் சுரீரென்று எரிந்தது. பிறகு தொண்டை கசந்தது. தூக்கக் கலக்கத்தில் இருந்தவன் வாயைத் திறப்பதற்குள் நர்ஸம்மா அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டாள்.

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அதுதான் வழக்கம். கண்ணின் கருமணியை விரிய வைக்கும் மருந்து விட வேண்டியவர்களை நடையில் வரிசையாக உட்கார வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நர்ஸம்மா குட்டி பாட்டிலோடு வந்து, பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் விடுவதுபோல, ஒவ்வொரு இமையாகத் தூக்கிச் சொட்டிக்கொண்டே போவாள். பெயர், ஊர் எதுவும் கேட்பதில்லை. கண்ணை மூடியிருந்தால் நோயாளி, திறந்திருந்தால் கூட வந்தவர். கூட வந்தவர்களில் ஒருவன் தூங்கிப்போவான் என்று அங்கே யாரும் யோசித்ததில்லை.

இவன் விடியும் முன்பே எழுந்து வேலைக்குப் போகிறவன். பேக்கரியில் கேக்குகளின்மேல் க்ரீமால் பெயர் எழுதுவது தொழில். இன்று எழுதவேண்டிய பெயர்களை எல்லாம் இருட்டோடு எழுதி முடித்துவிட்டு மாமனாரை அழைத்துவந்திருந்தான். மின்விசிறிக் காற்று பட்டதும் கண் தானாகச் செருகிவிட்டது.

"யார்கூடப் பேசுறீங்க மாப்ள?" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த மாமனார்.

"ஒண்ணுமில்ல மாமா. குடிக்கத் தண்ணி வேணுமான்னு கேட்டாங்க."

"அப்படியா? எனக்குக் கேட்கலையே."

"நீங்க கண்ணை மூடிட்டு இருந்தீங்க மாமா."

"கண்ணைத்தானே மூடினேன்?"

மாப்பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் சட்டைப் பையில் கார் சாவி கனத்தது.

மாமனார் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் வண்டி ஓட்டப் பழகியவர்கள்; அவர்களுக்கு அவர் 'பிரேக் வாத்தியார்'. தன் சொந்தக் காரை மட்டும் யாரிடமும் தர மாட்டார். கல்யாணமான புதிதில் ஒருநாள் மாப்பிள்ளையை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். அவன் எதையோ யோசித்துக்கொண்டே ஓட்டி, தெருக் குழாயின்மேல் ஏற்றிவிட்டான். அன்று போன சாவி, கண்ணில் மருந்து விட்டால் வண்டி ஓட்டக் கூடாது என்பதால், இன்றுதான் அவன் கைக்கு வந்திருந்தது.

அவன் மனைவிக்கு இது எட்டாம் மாதம். பிரசவ ஆஸ்பத்திரி நகரத்தின் மறுகோடியில் இருந்தது. காலையில் அவள் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடியே சொன்னாள்: "எங்கப்பாவை ஒரு கீறல் இல்லாம வீட்டுக்குக் கொண்டுவந்துட்டீங்கன்னா, குழந்தை பொறக்கிற வரைக்கும் காரை நம்ம வீட்டு வாசல்ல நிறுத்திடலாம். இன்னைக்கு ஒரு நாளாவது பூமியில இருங்க."

பூமி இப்போது பனிமூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

நர்ஸம்மா நடையின் மூலையில் நின்று அறிவித்தாள்: "டாக்டர் ஆபரேஷன்ல மாட்டிக்கிட்டார். வர லேட் ஆகும். தேவைப்பட்டா இன்னொரு சுத்து மருந்து விடுவோம்."

மாமனார் ஸ்பிரிங் போல எழுந்தார். "மாப்ள, வண்டியை எடுங்க. வீட்டுக்குப் போயிட்டு இன்னொரு நாள் வரலாம்."

வரிசையில் இருந்தவர்களுக்கு எல்லாம் கறுப்புக் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் ஆளுக்கு முந்தி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளையிடமும் நீட்டினார்கள். வாங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். வேண்டாம் என்று கம்பீரமாகக் கையசைத்துவிட்டு வெளியே வந்தான். வெயில் முகத்தில் அறைந்தது. வாசல், மரம், கார் எல்லாம் ஒரே வெள்ளையில் கரைந்துபோயின.

அப்போது போன் அடித்தது. திரையில் யார் என்று தெரியவில்லை. தோராயமாகத் தடவிக் காதில் வைத்தான். மனைவி.

"எப்படிப் போகுது?"

அவன் நாலடி தள்ளிப் போய்க் கிசுகிசுத்தான். "எனக்கும் மருந்து விட்டுட்டாங்க."

"உங்களுக்கு எதுக்கு?"

"கண்ணை மூடிட்டு இருந்தேன்."

"கண்ணை மூடினவங்களுக்கெல்லாம் விட்டுடுவாங்களா? நல்லவேளை, பல் ஆஸ்பத்திரியில வாயைப் பிளந்துட்டுத் தூங்கல. எதுவுமே தெரியலையா?"

"தெரியுது. எது எதுன்னுதான் தெரியல."

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஆஸ்பத்திரியில தூங்கினவனுக்கு ஸ்டியரிங்ல தூக்கம் வராதான்னு கேட்பார். சாவி அவ்வளவுதான். எங்கேயாவது காபி வாங்கிக் கொடுத்து மருந்து தெளியிற வரைக்கும் இழுங்க. வண்டியை மட்டும் தொட்டீங்க, நான் உங்ககூடப் பேச மாட்டேன்."

அவன் திரும்பிவந்து, மாமனார் என்று தோன்றிய ஒரு உருவத்திடம் பணிவாகச் சொன்னான்: "மருந்து விட்ட உடனே கார்ல ஏறக் கூடாதாம் மாமா. குலுக்கல் ஆகாதாம்."

"சரிங்க" என்றது உருவம். அது வாட்ச்மேன்.

"நான் இங்க இருக்கேன் மாப்ள" என்றார் மாமனார் பின்னாலிருந்து. "குலுக்கலா? யார் சொன்னது?"

"நர்ஸம்மாதான். காபி குடிச்சுட்டு மெதுவாப் போகலாம். என் கையைப் பிடிச்சுக்கங்க. உங்களுக்குத்தான் எதுவும் தெரியாதே."

மாமனார் ஏனோ தொண்டையைச் செருமினார். "ஆமா. ஒண்ணும் தெரியல" என்று கையைக் கொடுத்தார்.

இருவரும் தெருவில் இறங்கினார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவனுக்கு. ஆனாலும் வழிகாட்டுகிறவனுக்கு உரிய நிமிர்வோடு நடந்தான்.

"இடது பக்கம் ஒதுங்குங்க மாப்ள. அங்க ஒரு குழி இருக்கும்."

"எப்படி மாமா தெரியும்?"

"ரோடுன்னா குழி இருக்கத்தானே செய்யும்? பிரேக், பிரேக்." சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒரு மோட்டார் சைக்கிள் மூக்கை உரசிக்கொண்டு போயிற்று. "சத்தம் கேட்டுச்சு" என்றார் உடனே.

கண்ணில்லாமலே இவ்வளவு என்றால், கண்ணோடு எப்பேர்ப்பட்ட மனிதர் என்று மாப்பிள்ளை வியந்தான்.

ஓரிடத்தில் கண்ணாடிக் கதவு மின்னியது. உள்ளே நாற்காலிகள் மாதிரி ஏதோ இருந்தன. தோளில் துண்டு போட்ட ஒருவர் நின்றார். காபிக் கடைதான் என்று முடிவுகட்டினான்.

"இங்கயா மாப்ள?" மாமனார் வாசலிலேயே நின்றார்.

"நல்ல கடை மாமா. எனக்குப் பழக்கம்."

"உங்களுக்கு வேணுங்கிறது இங்க கிடைக்குமா?"

"இங்க கிடைக்கிற மாதிரி வேற எங்கயும் கிடைக்காது."

மாமனார் ஏதோ சொல்ல வந்து, பெருமூச்சோடு நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும்" என்றான் மாப்பிள்ளை, துண்டு போட்டவரிடம். "அவசரமே இல்ல. ஆற அமரப் பண்ணுங்க."

காபிக் கடை நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்தபோதுதான் அவனுக்கு முதல் சந்தேகம் வந்தது. கழுத்தில் துணி கட்டியபோது அது வலுத்தது. முகத்தில் சில்லென்று நுரை விழுந்ததும் மிச்சமில்லாமல் தீர்ந்தது. ஆனால் இப்போது எழுந்தால் கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மாதிரிதான்.

"உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் மாமா" என்றான் நுரைக்குள்ளிருந்து. "காபிக்கு முன்னாடி ஒரு ஷேவிங். பேரக்குழந்தை வரப்போகுதுல்ல, முகம் பளிச்சுனு இருக்கட்டும்."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் மாமனார். அது சந்தோஷப்படுகிறவரின் குரலாக இல்லை. அதற்குள் கடைக்காரர் அவர் கண்ணாடியைக் கழற்றி, முகம் முழுக்க வெந்நீர்த் துண்டைச் சுற்றிவிட்டார். உள்ளிருந்து முதலில் சுகமான முனகலும், பிறகு லேசான குறட்டையும் வந்தன.

"மீசை இருக்கட்டுமா சார், எடுத்துடலாமா?" என்றார் கடைக்காரர்.

தன் மேலுதட்டில் இருந்த நாலு முடியைத்தான் கேட்கிறார் என்று மாப்பிள்ளை நினைத்தான். "அது இருந்தா என்ன, போனா என்ன. எடுத்துடுங்க."

கத்தி சரக் சரக்கென்று ஓடியது. தன் முகத்தில் ஒன்றும் ஓடவில்லையே என்று அவனுக்குப் புரிந்தபோது வேலை முடிந்திருந்தது.

போனது மாமனாரின் மீசை; அது சாதாரண மீசை அல்ல. டிரைவிங் ஸ்கூல் பலகையில் காருக்குப் பக்கத்தில் வரைந்திருக்கிற மீசை. அதைப் பார்த்தே பல பேர் பிரேக்கை மிதித்திருக்கிறார்கள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து டயரில் காற்று இறங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மாமனார் மெல்லக் கையை உயர்த்தி மேலுதட்டைத் தடவினார்.

"மாப்ள. இங்க ஒண்ணு இருந்துச்சு."

"மாமா..."

"பரவாயில்ல. வளரும்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, கத்தவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் கையைப் பிடித்தார். திரும்பும்போது யார் யாரை அழைத்துப்போகிறார்கள் என்றே மாப்பிள்ளைக்கு விளங்கவில்லை. குழி, கம்பம், சைக்கிள் எதிலும் இடிக்காமல் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

சாவி போயிற்று என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. காரைக் கையால் தடவிக் கண்டுபிடித்து அதில் சாய்ந்துகொண்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான்.

மாமனார் அவன் விரல்களை மடக்கிச் சாவியை உள்ளேயே பொத்திவிட்டார். "நீங்களே வச்சுக்கங்க. குழந்தை பொறக்கிற வரைக்கும் இல்ல, அதுக்கு அப்புறமும். இப்ப வண்டி இங்கயே நிக்கட்டும், ஆட்டோ பிடிப்போம்."

மீசையை எடுத்தவனுக்குச் சாவியைத் தருகிற மனசு யாருக்கு வரும்? இப்படிப்பட்டவரிடம் போய் மறைத்தோமே என்று மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது.

"மாமா, உங்ககிட்ட ஒரு உண்மை சொல்லணும்."

"வேணாம் மாப்ள" என்றார் அவசரமாக. "உண்மையெல்லாம் இப்ப எதுக்கு? ஆட்டோவைக் கூப்பிடுங்க."

"இல்ல மாமா, சொன்னாத்தான் மனசு ஆறும். நான்..."

வெள்ளையாக ஒரு உருவம் வாசலிலிருந்து அவர்களை நோக்கி ஓடிவந்தது. மாமனார் சட்டென்று திரும்பி எதிர்த்திசையில் நடக்கப் பார்த்தார். நர்ஸம்மா குறுக்கே போய் நின்றாள்.

"ஐயா, டாக்டர் வந்துட்டார். சீட்டைப் பார்த்தா உங்க பேர் மட்டும்தான் இருக்கு, இவர் பேர் இல்லவே இல்ல. 'எனக்கு இன்னொரு நர்ஸ் விட்டாச்சும்மா, இவருக்கு விடு'ன்னு, சொட்டுக்குப் பயந்து ஒவ்வொரு சுத்துக்கும் பக்கத்துல தூங்கினவரைக் கைகாட்டினது போதும். அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டு, உங்க கண்ணை ஒரே ஒரு தடவை திறந்து காட்டுறீங்களா?"