சாப்பாட்டு மேஜையில் ஏழெட்டுக் கணவர்கள்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் மகளும் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் நீங்கள் கட்டும் பாலமும் ஆடாமல் அசையாமல் நிற்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டீர்களே, "ஒப்பந்தத்தை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்றாங்க, மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணும், நீ என்ன சொல்றே?" என்று. நான் "உங்க இஷ்டம்" என்றேன். அதில் மாற்றமில்லை. இந்த மெயில் வேறு விஷயமாக. போனில் நீங்கள் "சரி" என்பீர்கள், நானும் "சரி" என்பேன், வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு வீட்டுக்கென்று ஒரு சின்ன ஆப் எழுதினேன் அல்லவா, சாப்பாட்டு மேஜைமேல் டேப்லெட்டில் ஓடுகிறதே, வேலை நாட்களில் மதியமானால் நீங்கள் பதிந்து அனுப்பிய குரலில் "என்ன, சாப்பிட்டாச்சா?" என்று கேட்குமே, அதில் ஒரு கோளாறு. டேப்லெட்டைக் குறுக்கே திருப்பினால் ஆப் பழைய திரையைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வரையும். பழையது பேசாமல் நினைவகத்தை விட்டுப் போய்விட வேண்டும். ஆனால் உங்கள் குரலை ஒலிக்க வைக்கும் பகுதிக்கு, ஆப் முழுவதற்கும் பொதுவான கான்டெக்ஸ்ட்டைக் கொடுக்காமல் அந்த ஒரு திரையின் கான்டெக்ஸ்ட்டைக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன். கான்டெக்ஸ்ட் என்றால், எங்கே நிற்கிறோம், கைக்கு எது எட்டும் என்கிற விவரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரல் திரையை இறுகப் பிடித்துக்கொண்டது, திரையால் போக முடியவில்லை, மகள் படம் பார்க்கத் திருப்பும்போதெல்லாம் ஒரு நீங்கள் கூடிக்கொண்டே போயிருக்கிறீர்கள். மகள் இதை அன்பு என்கிறாள். நான் மெமரி லீக் என்கிறேன்.

மதியத்தில் வீட்டில் யாரும் இருப்பதில்லையே, அதனால் தெரியவில்லை. காலி வீட்டைத்தான் தினமும் விசாரித்திருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை சமையலறைக் குழாயைச் சரிசெய்ய ஆள் வருகிறார் என்று லீவு போட்டேன். அவர் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருக்கிறார், நேரம் பார்த்து நீங்கள் ஏழெட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக, "என்ன, சாப்பிட்டாச்சா?" "சாப்பிட்டாச்சா?" "...ட்டாச்சா?" பாவம், நல்ல மனுஷர், உள்ளிருந்தே "ஆச்சுங்க, ஆச்சுங்க" என்று ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லிப் பார்த்தார், முடியாமல் தலையை வெளியே இழுத்தார்.

"யாரும்மா அது?"

"என் வீட்டுக்காரர்."

கூடத்தை எட்டிப் பார்த்தார். மேஜையைச் சுற்றிக் காலி நாற்காலிகள்.

"எல்லாருமா?"

அதற்குமேல் அவர் வேலை பார்த்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழாய் இப்போதும் லேசாகச் சொட்டுகிறது.

ஆபீஸில் எனக்கு 'வாசல் மேடம்' என்று பட்டப்பெயர். யார் எழுதியதைச் சரிபார்த்தாலும் ஒன்றைத்தான் கேட்பேன்: "வாசல்ல சொன்னியா?" ஆப்பின் ஒவ்வொரு பகுதியும் தனக்கு என்ன வேண்டுமென்று நுழையும்போதே சொல்லிவிட வேண்டும். சொன்னால் வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குத்தான் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று பெரிய பெயர். சொல்லாமல் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கதிதான். ஊருக்கெல்லாம் சொல்கிற நான் நம் வீட்டு ஆப்பில் அப்படிச் செய்யவில்லை. மகளிடம் சொன்னேன், சிரிசிரியென்று சிரித்தாள். அப்புறம், "குழாய்க்காரரே அப்பாவுக்குப் பதில் சொல்லிட்டாரு. நீ சொன்னியாம்மா?" என்றாள். வாயாடி. உங்கள் பக்கத்துச் சாயல்.

எப்படியோ, சரிசெய்துவிட்டேன். குரல் பகுதி இப்போது வாசலிலேயே ஆப்பின் பொதுக் கான்டெக்ஸ்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது, எந்தத் திரையையும் பிடித்து வைப்பதில்லை. இனி யார் எத்தனை தரம் திருப்பினாலும் நீங்கள் ஒருவர்தான். கவலைப்பட ஒன்றுமில்லை.

வெயிலில் தொப்பியில்லாமல் நிற்காதீர்கள். கண்ணாடியை மாற்றுங்கள். ஒப்பந்த விஷயத்தில் எங்களை நினைத்துக் குழம்ப வேண்டாம், நாங்கள் சமாளித்துக்கொள்வோம். மகளின் அன்பும் இதோடு வருகிறது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

பி.கு.: சரிசெய்துவிட்டேன் என்றது பாதி உண்மை. திருத்தம் என் லேப்டாப்பில் இருக்கிறது, டேப்லெட்டில் ஏற்றவில்லை. நேற்றும் லீவு போட்டேன். குழாய்க்காக இல்லை. மகள் காலேஜுக்குப் போனதும் டேப்லெட்டை நானே திருப்பித் திருப்பி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் கேட்டீங்க. "இல்லை, இன்னும் சாப்பிடலை" என்றேன். அதுக்கு ஒருத்தர்கிட்டயும் பதில் இல்லை. அதனால் இப்போ வாசல்லயே சொல்லிடறேன். கையெழுத்துப் போடாதீங்க. வந்துடுங்க. ஒருத்தர் போதும்.